நாலு மணிப் பெஞ்சு

அவளைச் சிலந்தி என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது அண்ணன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தபடியே கடைக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, "மூலையில உக்காந்து வலை பின்னப் போறேன்னு சொல்லு" என்றான். முதல் ஒரு மாதம் கோபம் வந்தது. அப்புறம் அவளே கடிதங்களின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்னச் சிலந்தியை வரைந்து அனுப்பத் தொடங்கினாள்.

மூலை என்று அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், முன்பு ஈரத்துணி காயப்போட்ட இடம்தான் அவளுடைய அலுவலகம். மேசையாக இருந்தது ஒரு கதவு. கதவு வியாபாரி ஒருவர் தன் தளம் நன்றாக வந்த சந்தோஷத்தில் கொடுத்தது. கைப்பிடிக்கென்று போட்ட ஓட்டை வழியாகத்தான் கணினியின் வயர்கள் கீழே இறங்கின. பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது கதவு மெல்ல அதிரும். கோப்பையில் இருக்கும் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். அதைப் பார்த்துக்கொண்டே அவள் வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவாள். பல் டாக்டருக்கு முகப்பில் இருக்கும் சிரிப்பு போதாது. சமையல் பாத்திரக் கடைக்காரருக்கு நீலம் வேண்டும், ஆனால் ரொம்ப நீலமாக வேண்டாம். "சரிங்க, பாத்துட்டு மாத்துறேன்" என்று எல்லாவற்றுக்கும் சொல்வாள். பாதி மாற்றங்களைச் செய்யாமலே மறுநாள் அனுப்பினால், "இப்பதான் சரியா இருக்கு" என்பார்கள்.

அந்தக் கதவு வியாபாரியின் தளத்தைச் செய்யும்போதுதான் அவளுடைய இன்னொரு வாழ்க்கை ஆரம்பித்தது. உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டியது வந்து சேரும்வரை, எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க ஏதாவது பொருளில்லாத வரிகளைப் போட்டு நிரப்பி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஒருநாள் அந்த வரிகளைப் பார்க்கவே அலுத்துப்போய், அன்று காலையில் இணையத்தில் எங்கேயோ சுற்றும்போது கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி எழுதி அந்த இடத்தை நிரப்பினாள். முகம் தெரியாத ஒரு மனிதர், மழை விட்டதும் தன் வாசலில் தேங்கும் தண்ணீரின் ஓரத்தை அப்படியே காகிதத்தில் வரைந்து, நாட்டின் பெயர் போல அதற்கு ஒரு பெயரும் வைத்து, தேதி போட்டு வைத்திருந்தார். ஒன்பது வருஷத்து நாடுகள். எல்லாம் மறுநாள் வெயிலில் காணாமல் போனவை.

கதவு வியாபாரி அதை வாசித்துவிட்டுப் போன் செய்தார். "கதவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த மனுசனோட பக்கத்தை எனக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

அவர்தான் முதல் வாசகர். அடுத்தது அவருடைய மச்சினன். பிறகு மச்சினனின் அலுவலகம். அவள் 'கண்டெடுத்தவை' என்று தனியாக ஒரு பக்கம் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் நாலைந்து விஷயங்களை எழுதினாள். உறைந்த ஏரி விரிசல் விடும் சத்தத்தை ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தார். பூதம் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல இருந்தது. எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகளை மட்டும் படம் எடுக்கும் ஒரு பெண் இருந்தாள். ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் பழைய குறிப்பேட்டை யாரோ பக்கம் பக்கமாகப் படியெடுத்து ஏற்றியிருந்தார்கள். அதில் பல நாட்களுக்கு ஒரே குறிப்புதான்: 'காற்று இல்லை. கப்பல் இல்லை. விளக்கைத் துடைத்தேன்.' அவள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் ஆற்றில் காலை விட்டவள் போல இழுபட்டுப் போவாள். திரும்பிக் கரையேறும்போது தேநீர் ஆறியிருக்கும், வெயில் சுவரில் ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

அவள் கணவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இணையத்தின் பக்கமே போகாத மனிதர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு வருகிறேன், எனக்கு அது போதும் என்பார். ஆனால் மதியம் சாப்பிட வந்தால், இன்றைக்கு என்ன அகப்பட்டது என்று அவரே கேட்பார். அவள் வாசிக்க, சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருப்பார். காவலரின் குறிப்பேட்டை வாசித்தபோது மட்டும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

வாசகர்கள் முந்நூறு பேர் ஆனபோது, அவளுக்கு ஒரு மெத்தைக்கடையின் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. கடை ஊரின் மறுகோடியில் இருந்தது, பேச்செல்லாம் போனில்தான். பழைய தளத்தில் மஞ்சள் எழுத்துக்கள் இடமிருந்து வலம் ஓடின. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று அவள் பரண் துடைப்பது போல ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டு போனபோது, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பக்கம் கையில் சிக்கியது. 'கடை வாசல் நேரலை' என்று தலைப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வடிவமைப்பாளர் உற்சாகத்தில் செய்து வைத்தது. உடைந்த படம்தான் வரும் என்று நினைத்து அழுத்தினாள். ஒரு தெரு வந்தது.

மேலே இருந்து சாய்வாகத் தெரிந்தது தெரு. ஒரு மரம், அதன் கீழே ஒரு பெஞ்சு, பின்னால் வெளிர்பச்சையில் ஒரு சுவர். படம் ஓடவில்லை; ஏழு நொடிக்கு ஒருமுறை மாறியது. அதனால் அந்தத் தெருவில் யாரும் நடக்கவில்லை, தாவினார்கள். இடது ஓரத்தில் கூடையோடு இருந்த பெண் அடுத்த படத்தில் வலது ஓரத்தில் இருந்தாள், அதற்கடுத்ததில் இல்லை. மரத்தின் நிழல் மட்டும் அவசரப்படாமல் நகர்ந்தது. அவள் ஒரு மணி நேரம் பார்த்தாள். நாலு மணிக்கு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மழை இல்லை, ஆனாலும் கையில் மடக்கிய குடை. எல்லோரும் தாவிக்கொண்டிருந்த தெருவில் அவர் ஒருவர்தான் படத்துக்குப் படம் இருந்த இடத்திலேயே இருந்தார். உற்றுப் பார்த்தால் வாய் மட்டும் வேறு வேறு மாதிரி திறந்திருந்தது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நாலு நாற்பதுக்குப் பெஞ்சு காலியானது.

மெத்தைக்கடைக்காரரிடம் அவள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். புதிய தளம் முடிந்தபோது, வீடு ஒட்டடை அடிக்கையில் ஒரு கூட்டை மட்டும் பாவம் பார்த்து விட்டுவைப்பது போல அந்தப் பக்கத்தை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை எழுதினாள்: 'நாலு மணிக்குப் போங்கள். ஒரு குடைக்காரர் இருப்பார். அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசுகிறார் என்று தெரியாமல் இருப்பதுதான் இதில் அழகு.'

இதுவரை எதற்கும் இத்தனை கடிதம் வந்ததில்லை. அவர் கவிஞர் என்றார் ஒருவர். நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்கிறார் என்றார் இன்னொருவர். குடையிடம்தான் பேசுகிறார் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதினார். நாலு மணி ஆனதும் எங்கெங்கோ இருந்தவர்கள் தத்தம் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளும் வருவாள். பக்கத்து வீட்டு இயந்திரத்தின் முனகல், ஜன்னல் வெளிச்சம், ஏழு நொடிக்கு ஒரு படம். கண் திறந்தபடியே தூங்குவது போல ஒரு சுகம். அந்தத் தெருவுக்கு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அவள் போகவில்லை. போனால் அது வெறும் தெருவாகிவிடும் என்று பயம்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டரோடு பேசி முடித்துவிட்டுக் கடிதங்களைத் திறந்தாள். ஒன்று இப்படி இருந்தது:

'வணக்கம். நீங்கள் குடைக்காரர் என்று எழுதிய ஆள் நான். போன மாதம் ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உங்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம் என்று சொல்லி, உங்கள் பக்கத்தைப் போனில் காட்டினார். நல்ல பெண்தான். கவிதையா சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒரு கம்பெனியில் புகார் வாங்கும் பிரிவில் போன் எடுக்கிறேன். காலை ஏழரை முதல் மூன்றரை வரை திட்டு வாங்குவது என் வேலை. பதில் பேசக்கூடாது, பேசினால் பதிவாகும். அந்தப் பதில்களைத்தான் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன். நாற்பது நிமிஷம் போதும். கையில் குடை இருந்தால் எதற்கோ காத்திருப்பவன் போலத் தெரியும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் குடை. இப்போது அங்கே உட்கார்ந்தால் வாய் வரவில்லை. மூன்று வாரமாக எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். முந்தாநாள் என் மகள் பென்சிலைத் தொலைத்ததற்குக் கத்திவிட்டேன். அவளுக்கு ஏழு வயது. உங்கள் மேல் புகார் சொல்லவில்லை. புகார் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.'

அவள் முதல் காரியமாகப் பக்கத்திலிருந்து அந்த இணைப்பை எடுத்தாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கதவின் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் சாப்பிட வந்ததும் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"அவரை ஒரு வார்த்தை கேட்டியா, போடுறதுக்கு முன்னாடி?"

"எப்படிங்க கேக்குறது? யாருன்னே தெரியாதே."

"யாருன்னே தெரியாத ஆளைத்தான் முந்நூறு பேருக்குக் காட்டியிருக்க" என்றார். அதட்டவில்லை. சொல்லிவிட்டு, அவள் தட்டில் கொஞ்சம் சோறு எடுத்து வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் மெத்தைக்கடைக்காரருக்குப் போன் போட்டு, தான் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, அந்தக் காமிராவைக் கழற்றிவிடச் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அப்படி ஒரு காமிரா இருப்பதையே அவர் மறந்து போயிருந்தார். முந்நூறு பேரா, தினமுமா என்று இரண்டு முறை கேட்டார். கடை போர்டு அதில் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை, பெஞ்சுதான் தெரிகிறது என்றாள்.

"அப்ப பெஞ்சு மேல ஒரு மெத்தையைப் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

இது போனில் தீரும் காரியமில்லை என்று புரிந்தது. மறுநாள் காலை இரண்டு பஸ் மாறிப் போனாள். நாலு மணிக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடாது என்பதற்காகவே பதினோரு மணிக்குப் போய் இறங்கினாள்.

தெருவில் ஆட்கள் தாவவில்லை. வழுக்கிக்கொண்டு போவது போல நடந்தார்கள். அதுவே அவளுக்கு ஒரு நிமிஷம் விசித்திரமாக இருந்தது. திரையில் வெளிர்பச்சையாகத் தெரிந்த சுவர் நேரில் சாம்பல் நிறம். நிறங்களோடு பிழைப்பு நடத்துகிறவள் இரண்டு மாதம் ஏமாந்திருக்கிறாள். பெஞ்சில் ஒரு பலகை குறைந்திருந்தது. அது படத்தில் தெரிந்ததே இல்லை. அந்தக் குறைந்த பலகைக்குப் பக்கத்தில்தான் அவர் உட்காருவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தொடத் தோன்றிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மெத்தைக்கடைக்காரர் அறுபது வயது மனிதர், தன் சரக்கைப் போலவே கொஞ்சம் உப்பலானவர். யார் வந்தாலும் மெத்தையில்தான் உட்கார வைப்பார். ஸ்பிரிங் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்பது சுலபமில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தாள். குடைக்காரரின் வேலை என்ன, மகளிடம் என்ன நடந்தது என்பதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அதையும் எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஒருவருக்கு அது கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, இதில் என்ன தப்பு என்றார். அவர் அதை வீம்புக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் பெஞ்சுல போய் உக்காந்துட்டு வாங்க" என்றாள். "சும்மாதான்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வந்த படங்களையெல்லாம் சேமித்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் வரிசையாகக் காட்டினாள். நாற்பது சொச்சம் படங்கள். முதல் சிலவற்றில் அவர் காமிரா இருக்கும் திசையைப் பார்த்துக் கம்பீரமாக இருந்தார். பிறகு மறந்துவிட்டார். ஒன்றில் காதைக் குடைந்தார். ஒன்றில் உச்சந்தலை வழுக்கை வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்து அவரே சிரித்தார். அதற்குப் பிறகு வந்த படத்தில், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு தன் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையின் முகம். அடுத்த படத்திலும் அதே முகம். அதற்கடுத்ததிலும்.

அவர் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் இப்படியா உக்காந்திருந்தேன்?"

விரலால் தள்ளி அடுத்த படத்தையும் பார்த்தார்.

"வீட்டுல இதைப் பாத்தா பயந்துடுவாங்க" என்றார் மெதுவாக. "அழிச்சுடுங்கம்மா." அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தாள். அதற்குள் அவர் ஏணியைத் தேடிப் போயிருந்தார்.

ஆளை அனுப்பாமல் தானே ஏறினார். அவள் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனைப் பார்த்தாள். தெரு வந்தது. அடுத்து அதே தெரு, சாய்ந்து, பாதி வானமாக. அடுத்ததில் மேகம் மட்டும். அப்புறம் திரை முழுக்க ஓர் உள்ளங்கை, ரேகை ரேகையாக, அவ்வளவு பக்கத்தில். ஏழு நொடி அது அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் வரவில்லை.

முகவரியைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு அன்றும் பார்த்துக்கொண்டிருந்த சிலர், ஒரு கை வந்து தெருவை மூடிவிட்டது என்று எழுதினார்கள். ரேகை பார்க்கத் தெரிந்த ஒருவர், கைக்குச் சொந்தக்காரருக்கு ஆயுசு கெட்டி என்று சேதி அனுப்பினார். அதை மட்டும் அவள் மெத்தைக்கடைக்காரருக்குச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேறெதுவும் போடாமல் ஆறு வரி எழுதினாள். கேட்காமல் ஒருவரைக் காட்டிவிட்டேன், அவருக்கு அதனால் சிரமம் வந்தது, தப்பு என்னுடையது, அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் தயவு செய்து போகவேண்டாம் என்று. பெஞ்சில் போய் உட்கார்ந்த பெண் மிகவும் சங்கடப்பட்டு எழுதினாள். கூப்பிட்டது நான், நீங்கள் வந்தீர்கள் என்று அவளுக்குப் பதில் போனது. ஒரு தெருவை வேடிக்கை பார்த்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா என்று கேட்டுவிட்டுப் பத்தொன்பது பேர் விலகிப் போனார்கள். கதவு வியாபாரி போகவில்லை.

குடைக்காரருக்கும் எழுதினாள். காமிரா இல்லை, படங்கள் எதுவும் என்னிடம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூன்றே வாக்கியம். எழுதி அழித்து எழுதியதில் ஒரு காலைப்பொழுது போனது. அடியில் சிலந்தி வரையவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:

'நன்றி. அந்தப் பெஞ்சுக்கு இனிப் போகப்போவதில்லை. வேறு இடம் கிடைத்திருக்கிறது. எங்கே என்று சொல்லமாட்டேன். பென்சில் கிடைத்துவிட்டது.'

கடைசி வாக்கியத்தை அவள் பலமுறை வாசித்தாள்.

அதன் பிறகு 'கண்டெடுத்தவை' கொஞ்சம் இளைத்தது. ஒரு பக்கத்தில் மனிதர் யாராவது இருந்தால், இதைப் பகிரலாமா என்று முதலில் கேட்டு எழுதுவாள். பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். அவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். சில வாரம் இரண்டே விஷயம்தான் தேறும், மூன்றாவது இடம் வெறுமையாக இருக்கும். வேலை எப்போதும் போல வந்தது. மெத்தைக்கடைக்காரர் தன் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்குச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பினார். பாத்திரக் கடைக்காரருக்கு மறுபடியும் நீலத்தில் சந்தேகம் வந்தது.

அவள் மேசையில் புதிதாக ஒரு நோட்டு வந்தது. சாதாரணக் கோடு போட்ட நோட்டு. பார்த்ததில் யாருக்கும் சொல்லக்கூடாதவற்றை அதில் எழுதி வைத்தாள். கணினியில் எழுதவில்லை, பேனாவால் எழுதினாள், வாரம் ஒன்றோ இரண்டோ. எழுதியதும் மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள்.

கணவர் பல நாள் அந்த நோட்டைப் பார்த்தும் கேட்காமல் இருந்தார். ஒரு மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், உடனே கடைக்குப் போகாமல் கதவு மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"இன்னைக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தார்" என்றார். "வெளிய சொல்றதுக்கில்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் நோட்டுல இடம் இருக்கா?"

அவள் பேனாவைத் திறந்து, ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்.